ஒத்திவைத்த சனிக்கிழமை

சிஸ்டர்,

இன்று காலை அடுத்த மாத நிகழ்ச்சிப் பட்டியலைத் தட்டச்சு செய்துகொண்டிருந்தேன். காளான் வளர்ப்புப் பயிற்சி, பள்ளிப் பிள்ளைகளுக்கான அறிவியல் கண்காட்சி, கைபேசி பழுதுபார்க்கும் பட்டறை, மகளிருக்கான யோகா. ஐந்தாவது வரியில் ‘பாம்புக்கடி முதலுதவி: பொதுமக்களுக்கான பயிற்சி வகுப்பு’ என்று அடித்துவிட்டு, ‘பயிற்சி அளிப்பவர்’ என்ற கட்டத்துக்கு வந்தேன். மருத்துவ மையத்துக்குப் புதிதாக வந்திருக்கும் செவிலியரின் பெயரும் உங்கள் பெயரின் எழுத்திலேயே தொடங்குகிறது. அந்த ஓர் எழுத்தை அடித்ததும் மீதியைக் கணினியே நிரப்பிவிட்டது. உங்கள் முழுப்பெயர், பக்கத்தில் பதவி, மருத்துவ மையத்தின் உள் தொலைபேசி எண்.

பத்து வருடங்களுக்கு மேலாக மாதாமாதம் அடித்த பெயர். கணினிக்கு என்ன தெரியும். நான்தான் திரையைப் பார்த்தபடி அப்படியே உட்கார்ந்துவிட்டேன். பக்கத்து மேசைப் பெண், “என்னக்கா, சிஸ்டம் நின்னுருச்சா?” என்று கேட்டாள். ஆமாம் என்று சொல்லிவிட்டேன்.

நீங்கள் போய் எட்டு மாதம் ஆகிறது. எட்டு மாதமாக உங்களிடம் சொல்ல ஒன்று வைத்திருக்கிறேன். அதற்கு முன்னால் ஆறு வருடமும் அதை வைத்துக்கொண்டுதான் உங்களோடு டீ குடித்தேன், பேருந்தில் வந்தேன், சிரித்தேன். நேரில் வராத பேச்சு காகிதத்திலாவது வருகிறதா பார்க்கலாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

நீங்கள் முதன்முதலில் என் அறைக்கு வந்த நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. திருப்பத்தூர் சாலையில் ஊருக்கு வெளியே பொட்டலாகக் கிடந்த இடத்தில் எங்கள் பல்கலைக்கழகம் எழும்பி அப்போது சில வருடங்களே ஆகியிருந்தன. மக்கள் தொடர்பு அலுவலகம் என்று பெரிய பெயர்ப்பலகை மாட்டியிருந்தார்களே தவிர, உள்ளே நானும் ஓர் அதிகாரியும்தான். வளாகத்தில் நடக்கும் நிகழ்ச்சிகளை மாதா மாதம் தொகுத்து, வாசல் பலகையில் ஒட்டி, செய்தித்தாள்களுக்கு அனுப்புவது என் வேலை. நீங்கள் வெள்ளைச் சீருடையோடு வந்து, உட்காரச் சொல்வதற்கு முன்பே உட்கார்ந்து, “எனக்கு ஒரு சனிக்கிழமை வேணும்த்தா” என்றீர்கள்.

எனக்குப் புரியவில்லை.

“அன்னைக்குக் கீழ் ஹாலு சும்மாதானே கெடக்கு. பாம்புக்கடிக்கு என்ன செய்யணும்னு வெளியாளுகளுக்கு ஒரு வகுப்பு எடுக்கணும். உங்க பட்டியல்ல சேர்த்துவிடு.”

துறைத்தலைவர் கடிதம் வேண்டும், குழு ஒப்புதல் வேண்டும் என்று நான் வரிசையாகச் சொன்னேன். நீங்கள் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, முந்தின வாரம் நடந்ததைச் சொன்னீர்கள். வளாகத்தில் புல் வெட்ட வந்தவரை விரியன் கடித்திருக்கிறது. கூட இருந்தவர்கள் பதறிப்போய் நைலான் கயிற்றை முழங்கைக்கு மேலே இறுக்கிக் கட்டி, உங்களிடம் தூக்கி வந்திருக்கிறார்கள். நீங்கள் அவரைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினீர்கள். உயிர் பிழைத்தார். ஆனால் கையை எடுக்கவேண்டி வந்தது.

“பாம்பு பாதி தின்னுச்சு, கயிறு பாதி தின்னுச்சு” என்றீர்கள். “அந்தக் கயித்த ஆசையாத்தான் கட்டியிருக்காக. காப்பாத்தணும்னுதான் கட்டியிருக்காக. அதான் எனக்குத் தாங்கல.”

ஒப்புதல் வாங்க நான்கு மாதம் அலைந்தீர்கள். முதல் வகுப்புக்கு ஏழு பேர் வந்தார்கள். அதில் மூன்று பேர் வெயிலுக்காக உள்ளே வந்தவர்கள். ஒருவர் மதிப்பெண் சான்றிதழ் வாங்க வந்து, அலுவலகம் திறக்கும்வரை உட்கார்ந்திருந்தவர். நீங்கள் அந்த ஏழு பேருக்கும் எழுபது பேருக்கு எடுப்பதுபோல எடுத்தீர்கள். முடிந்ததும் நேராக என்னிடம் வந்து, வாசலில் ஒட்டியிருந்த அறிவிப்பைக் கிழிக்காமல் பிய்த்துக் கொண்டுவந்து மேசையில் வைத்தீர்கள்.

“இது யாருக்கு எழுதுனது?”

“பொதுமக்களுக்குத்தான் சிஸ்டர்.”

“‘அரவக் கடி மேலாண்மை குறித்த விழிப்புணர்வுப் பட்டறை. ஆர்வமுள்ளோர் பங்கேற்றுப் பயனடையலாம்.’ இதப் படிச்சுட்டுக் களையெடுக்கிற பொம்பள வருவாளா? நீ வருவியா?”

பல்கலைக்கழக அறிவிப்பென்றால் ஒரு முறை இருக்கிறது என்று முனகினேன். நீங்கள் என் பேனாவை எடுத்து அந்த அறிவிப்பின் பின்பக்கத்திலேயே எழுதினீர்கள்: ‘பாம்பு கடிச்சாக் கயிறு கட்டாதீக. வேற என்ன செய்யணும்னு சொல்லித் தாரோம். சனிக்கிழமை காலையில பத்து மணிக்கு வாங்க.’ அதை நூறு பிரதி எடுக்கச் சொல்லி, நீங்களே பால் சங்கத்திலும் ரேஷன் கடையிலும் பேருந்துகளின் கண்ணாடியிலும் ஒட்டினீர்கள். அடுத்த மாதம் நாற்காலி போதவில்லை.

உங்கள் வகுப்பைப் பார்ப்பதற்கென்றே நான் வேலையை விட்டுவிட்டுக் கீழே வர ஆரம்பித்தேன். ஆஜானுபாகுவான ஒருவரை மேசைமேல் படுக்கவைத்து, “இவரப் பாம்பு கடிச்சிருச்சு, எல்லாரும் அழுங்க” என்பீர்கள். கூட்டம் சிரிக்கும். பிறகு குடையையும் துண்டையும் வைத்து அவர் காலை அசையாமல் கட்டிக் காட்டுவீர்கள். கீறாதே, உறிஞ்சாதே, ஓடவிடாதே, நடக்கவிடாதே. கடித்த பாம்பைத் தேடிப் போய் இன்னொருத்தர் கடி வாங்காதே. படுக்கவைத்து நேராக மருந்து இருக்கிற ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போ. திரும்பத் திரும்ப இதைத்தான் சொன்னீர்கள். வீங்குவதற்கு முன்னால் மோதிரம், வளையல், கொலுசு எல்லாவற்றையும் கழற்றிவிட வேண்டும் என்று சொன்னபோது ஒரு பெண் எழுந்து கேட்டாளே, நினைவிருக்கிறதா?

“மெட்டியவுமா கழட்டச் சொல்றீக? வீட்டுக்காரரு குத்துக்கல்லாட்டம் இருக்கையில எப்படிம்மா கழட்டுறது?”

“கழட்டலேன்னா வீங்குன வெரலுக்குள்ள அது பொதைஞ்சுபோகும்த்தா. அப்புறம் வெரலையே எடுக்கணும். வெரலு போச்சுன்னா அந்த மெட்டிய எங்குட்டுப் போடுவ?”

அரங்கமே கொல்லென்று சிரித்தது. அந்தப் பெண்ணும் சிரித்தாள். ஆனால் உட்காரும்போது குனிந்து தன் மெட்டியைச் சுழற்றிப் பார்த்துக்கொண்டாள். கழல்கிறதா என்று பார்த்தாள்.

இப்படி ஐந்தாறு வருடம் ஓடியது. பிறகுதான் அந்தச் சனிக்கிழமை வந்தது.

ஐப்பசி மழை பிடித்திருந்த சமயம். பத்து மைலுக்கு அப்பால் ஒரு சிற்றூரிலிருந்து பதினாறு பெண்கள் வருவதாக ஏற்பாடு. எல்லாரும் வயல்வேலைக்குப் போகிறவர்கள். அவர்களைத் திரட்டியது வள்ளி என்ற பெண். யாரோ ஒரு தோழி சொல்லக் கேட்டு, தானே உங்கள் கைபேசிக்கு அழைத்திருந்தாள். நீங்கள் அந்த வாரம் முழுக்க அவளைப் பற்றியே பேசினீர்கள். “நாமளாப் போயிக் கூப்பிடாம, அவுகளாக் கேட்டு வர்ற மொதக் கூட்டம்” என்று சொல்லிச் சொல்லி மகிழ்ந்தீர்கள்.

புதன்கிழமை மாலை எங்கள் அதிகாரி என்னை அழைத்தார். சென்னையிலிருந்து முக்கியமான ஒருவர் சனிக்கிழமை வருகிறார், கீழ் அரங்கத்தில்தான் அவரோடு சந்திப்பு என்றார். அன்றைக்கு அந்த அரங்கத்தில் இரண்டு நிகழ்ச்சிகள் இருந்தன. காலையில் உங்கள் வகுப்பு. பிற்பகலில் பழைய மாணவர்கள் கூட்டம். “ரெண்டுல எத நகர்த்தலாம்? நீங்களே பார்த்துச் சொல்லுங்க. காலையோ மதியமோ, அவருக்கு எதுனாலும் சரிதான்” என்றார்.

இதைத்தான் சிஸ்டர், நான் உங்களிடம் ஒருபோதும் முழுதாகச் சொல்லவில்லை. மேலே இருந்து உத்தரவு வந்தது என்றுதான் உங்களிடம் சொன்னேன். உத்தரவு வரவில்லை. என்னைத்தான் கேட்டார்கள். பழைய மாணவர்கள் கூட்டத்தை நகர்த்தினால் பத்துப் பேர் எனக்குத் தொலைபேசியில் கத்துவார்கள். உங்கள் வகுப்புக்கு வருகிறவர்கள் கத்தமாட்டார்கள். அவர்களுக்கு என் எண் தெரியாது. நீங்களும் கத்தமாட்டீர்கள். ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை. “முதலுதவி வகுப்ப ரெண்டு வாரம் தள்ளிரலாம் சார்” என்றேன். அவர் தலையாட்டினார். அவ்வளவுதான்.

உங்களிடம் வந்து சொன்னேன். ஊசி மருந்துகளை அடுக்கிக்கொண்டிருந்தவர் திரும்பிப் பார்த்தீர்கள்.

“ஹாலு வேணாம். அந்த வேப்பமரத்தடியில உக்கார வச்சு நடத்திக்கிறேன். எடம் மட்டும் குடு.”

“பெரிய ஆளு வாரப்ப வளாகத்துல கூட்டமா உக்காந்திருந்தா நல்லாருக்காது சிஸ்டர். ரெண்டே வாரந்தானே.”

“சரி” என்று சொல்லிவிட்டு மறுபடி மருந்துகளை அடுக்கத் தொடங்கினீர்கள். “வள்ளிக்கு நீயே போன் போட்டுச் சொல்லிரு. எனக்கு வாய் வராது.”

போட்டேன். அவள் குரலை நான் கேட்டது அந்த ஒரே தடவைதான். பின்னால் ஆட்டுச் சத்தமும் மழைச் சத்தமும் கேட்டது.

“அப்புடியாக்கா? நாங்க அன்னைக்கு வேலைக்கு வரலேன்னு எல்லார்ட்டயும் சொல்லிப்புட்டமே. சரிக்கா, பரவால்ல. ரெண்டு வாரந்தானே? மறந்துறாம போன் போடுங்க.”

வாசல் பலகையில் உங்கள் அறிவிப்பின் மேல் ‘ஒத்திவைக்கப்பட்டுள்ளது’ என்று ஒரு துண்டுச்சீட்டை ஒட்டினேன். சனிக்கிழமை அந்த முக்கியமானவர் வந்தார், அரைமணி நேரம் இருந்தார், போனார். பிற்பகல் பழைய மாணவர்கள் கூட்டமும் நன்றாகவே நடந்தது.

அதற்கு எட்டாவது நாள், ஞாயிற்றுக்கிழமை காலை, வரப்பில் குவித்துக் கிடந்த களையை அள்ளப்போன வள்ளியின் கையில் கண்ணாடி விரியன் கடித்தது. கூட வேலை செய்தவர்கள் மாட்டின் தலைக்கயிற்றை எடுத்துக் கையை இறுக்கிக் கட்டினார்கள். இருசக்கர வண்டியில் நடுவில் உட்காரவைத்து, விஷக்கடிக்கு வேர் கொடுக்கும் ஒருவரிடம் கொண்டுபோனார்கள். அவர் வேரை மெல்லச் சொல்லி மதியம் வரை வைத்திருந்தார். பல் ஈறில் ரத்தம் கசியத் தொடங்கிய பிறகுதான் ஆஸ்பத்திரிக்குத் தூக்கினார்கள். திங்கட்கிழமை காலை இறந்துபோனாள்.

அன்று பதினோரு மணிக்கு நீங்கள் என் அறை வாசலில் வந்து நின்றீர்கள். முகத்தைப் பார்த்ததும் எழுந்துவிட்டேன். “வள்ளி போயிட்டா. வா, போயிட்டு வருவோம்” என்று மட்டும் சொன்னீர்கள். அரைநாள் விடுப்பு எழுதிக்கொடுத்துவிட்டு உங்கள் பின்னாலேயே வந்தேன். பேருந்திலிருந்து இறங்கிச் சேற்றில் நடந்தோம். நீங்கள் ஒருமுறைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

வீட்டு முன்னால் பந்தல் போட்டிருந்தார்கள். வள்ளியின் மாமியார் உங்கள் சீருடையைப் பார்த்துவிட்டு எழுந்து வந்தார். வயதானவரில்லை, வயல்வேலை செய்து இறுகிய உடம்பு. உங்கள் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு கேட்டார்.

“வகுப்பு எடுக்கிறேன்னு சொன்ன நர்ஸம்மா நீங்கதானா? போகப்போறேன் போகப்போறேன்னு சேலையெல்லாம் எடுத்து வச்சிருந்தாளே. அப்புறம் போன் வந்துச்சு, இப்ப இல்லையாம்னா. ஏம்மா நடத்தல? என்னமும் மேலுக்குச் சொகமில்லையா உங்களுக்கு?”

நான் உங்களுக்கு இரண்டடி பின்னால் நின்றிருந்தேன். நீங்கள் ஒரு சொல் சொல்லியிருக்கலாம். இந்தா நிக்கிறாளே, இவதான் தள்ளி வச்சா என்று என்னைக் காட்டியிருக்கலாம். இடம் கிடைக்கவில்லை என்றாவது சொல்லியிருக்கலாம்.

“ஆமாத்தா” என்றீர்கள். “என்னாலதான் நடத்த முடியாமப் போச்சு. என்மேலதான் தப்பு.”

அந்த அம்மாள் உங்கள் கைகளை விட்டுவிட்டார். திட்டவில்லை. போய் மறுபடி தரையில் உட்கார்ந்துகொண்டார். அங்கிருந்த பெண்கள் எல்லாரும் உங்களையே பார்த்தார்கள். வள்ளியின் இரண்டு பிள்ளைகள், பத்து வயதும் ஏழு வயதும் இருக்கும், ஒரு தூணைப் பிடித்துக்கொண்டு நின்றன. நான் வாயைத் திறக்கவில்லை சிஸ்டர். அத்தனை கண்களும் உங்கள்மேல் இருந்ததில் எனக்குள் ஒரு மூலையில் நிம்மதியாக இருந்தது. இதை எழுதக் கை கூசுகிறது. ஆனாலும் நிம்மதியாகத்தான் இருந்தது.

திரும்பி வரும் பேருந்தில்தான் எனக்கு அழுகை வந்தது. “சிஸ்டர், அது வந்து, நாந்தான்” என்று ஆரம்பித்தேன்.

“தெரியும்” என்றீர்கள், ஜன்னல் பக்கம் பார்த்தபடி.

எப்படித் தெரியும் என்று கேட்கவில்லை. எவ்வளவு தெரியும் என்றும் கேட்கவில்லை. பிறகு நீங்களே பேசினீர்கள்.

“அன்னைக்கு வந்து கேட்டிருந்தா அவ பொழைச்சிருப்பாளான்னு எனக்குத் தெரியாது. ஒருவேளை அப்பவும் கயித்தத்தான் கட்டியிருப்பாக. தெரியாததச் சொல்லி ஒன்னயத் தேத்தவும் மாட்டேன். திட்டவும் மாட்டேன்.”

திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அதற்குப் பிறகு நீங்கள் என்னிடம் மாறவில்லை என்றுதான் பார்க்கிறவர்கள் சொல்வார்கள். டீ நேரத்துக்கு முன்போலவே வந்தீர்கள். என் மகள் கல்யாணத்துக்கு முதல் நாளே வந்து வேலை செய்தீர்கள். ஆனால் வகுப்புக்கு அரங்கம் வேண்டும் என்று அதற்குப் பிறகு நீங்கள் என்னிடம் கேட்கவே இல்லை. மாதத்தில் ஒரு சனிக்கிழமை எப்போதும்போல் பட்டியலில் இருந்தது, நடத்தினீர்கள். மீதிச் சனிக்கிழமைகளில் நீங்களே ஊர் ஊராகப் போனீர்கள். வள்ளியின் ஊருக்குத்தான் முதலில் போனீர்கள். முதல் தடவை யாரும் வந்து உட்காரவில்லை என்று மற்றவர்கள் சொல்லிக் கேட்டேன். அடுத்த வாரமும் போனீர்களாம். மூன்றாவது தடவை வள்ளியின் மாமியாரே பாயை எடுத்துவந்து போட்டாராம்.

நானும் சில ஊர்களுக்கு உங்களோடு வந்தேன். குடையையும் துண்டையும் தூக்கிக்கொண்டு வருவேன். மேசைமேல் படுக்க ஆள் கிடைக்காதபோது நான் படுத்தேன். நீங்கள் என் காலைக் கட்டும்போது உங்கள் முகம் எனக்கு நேர் மேலே இருக்கும். இப்போது சொல்லிவிடலாம் என்று தோன்றும். சுற்றிலும் ஆட்கள் இருப்பார்கள். வண்டியில் போகும்போது சொல்லலாம் என்று விட்டுவிடுவேன். வண்டியில் வேறு ஏதாவது பேசிக்கொண்டு வந்துவிடுவோம்.

பணி ஓய்வு பெற்ற பிறகும் நீங்கள் நிறுத்தவில்லை. கோட்டையூரில் உங்கள் தங்கை வீட்டு மாடியில் குடிவந்து, அங்கிருந்து டவுன் பஸ் பிடித்து வந்து வகுப்பெடுத்தீர்கள். போன மாசி மாத வகுப்பின்போது பாதியில் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டீர்கள். வயிற்றுவலி என்றீர்கள். அடுத்த வாரம் மதுரையில் பார்த்தபோது கணையத்தில் கட்டி என்றும், ரொம்ப முற்றிவிட்டது என்றும் சொல்லிவிட்டார்கள். எத்தனை பேரைப் பார்த்தவர் நீங்கள். உங்களிடம் யாரும் எதையும் மறைக்க முடியவில்லை.

அதற்குப் பிறகு நீங்கள் இருந்த ஏழு வாரத்தில் நான் உங்களை ஒன்பது தடவை வந்து பார்த்தேன். ஒவ்வொரு தடவையும் மாடிப்படி ஏறும்போது சொல்லவேண்டியதை மனதுக்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொள்வேன். நீங்கள் என்னைப் பார்த்ததும், “இந்த மாசம் என்னென்ன போட்டிருக்க?” என்று கேட்பீர்கள். பட்டியலை வாசிப்பேன். தேனீ வளர்ப்பு, புத்தகக் கண்காட்சி, தையல் பயிற்சி, மண் பரிசோதனை முகாம். கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருப்பீர்கள். “நம்ம வகுப்பு?” என்பீர்கள். “போட்டிருக்கேன் சிஸ்டர்” என்பேன். போட்டிருந்தேன், ஆனால் யாரும் எடுக்கவில்லை. அதையும் உங்களிடம் சொல்லவில்லை.

கடைசிக்கு முந்தின தடவை நீங்கள் கொஞ்சம் தெளிவாக இருந்தீர்கள். தங்கை கீழே போயிருந்தார். நான் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, “சிஸ்டர், அந்தச் சனிக்கிழமை அதிகாரி என்னையத்தான் கேட்டாரு” என்று தொடங்கினேன். நீங்கள் கண்ணைத் திறந்து பார்த்தீர்கள். அப்போது தங்கை கஞ்சியோடு மேலே வந்தார். உங்களைத் தூக்கி உட்காரவைத்து, நான்கு கரண்டி ஊட்டி, வாயைத் துடைத்துப் படுக்கவைத்தோம். அதற்குள் தூங்கிவிட்டீர்கள். அடுத்த தடவை வந்தபோது உங்களுக்கு யாரையும் அடையாளம் தெரியவில்லை.

நீங்கள் போன அன்று எங்களுக்கு ஒரு தொடக்கவிழா. நான் மேடைக்குக் கீழே நின்று பெயர் அட்டைகளைச் சரிசெய்துகொண்டிருந்தேன். கைபேசி மேசை டிராயரில் இருந்தது. எடுத்துப் பார்த்தபோது உங்கள் தங்கையிடமிருந்து ஐந்து அழைப்புகள். நான் வந்து சேர்வதற்குள் உங்களை எடுத்துவிட்டார்கள். மாடிப்படியில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். வள்ளியின் ஊர்ப் பெண்கள் வந்திருந்தார்கள், பத்துப் பன்னிரண்டு பேர். என்னைக் கடந்து போகும்போது வள்ளியின் மாமியார் நின்று, “நீங்க அந்த நர்ஸம்மாவுக்குக் கூட வந்தவுகதானே?” என்று கேட்டார். ஆமாம் என்றேன். “அவுகளை அன்னைக்கு நாங்க உக்காருங்கன்னு ஒரு வார்த்தை சொல்லல” என்று சொல்லிவிட்டுப் போனார். அவரிடமும் சொல்லவில்லை நான். அப்போதாவது சொல்லியிருக்கலாம்.

நீங்கள் போன பிறகு எட்டு மாதம் வகுப்பு நடக்கவில்லை. பிறகு புதிய செவிலியர் வந்தார். நல்ல பெண். விவரம் தெரிந்தவள். ஆனால் கூட்டத்தைப் பார்த்தால் நடுக்கம். போன சனிக்கிழமைதான் முதல் வகுப்பு. அரங்கத்தில் முப்பது பேருக்கு மேல் இருந்தார்கள். “நீங்க தொடங்கி வைங்கக்கா, நான் பின்னாடியே வந்துர்றேன்” என்று ஒலிவாங்கியை என் கையில் கொடுத்துவிட்டாள்.

வரவேற்புரை எழுதி வைத்திருந்தேன். பொதுமக்கள் அனைவரையும் வருக வருக என்று தொடங்கும். முதல் வரியைப் படித்தேன். இரண்டாவது வரி வரவில்லை. காகிதத்தை மடித்துவிட்டுச் சொன்னேன்.

“ஏழு வருசத்துக்கு முன்னாடி இதே வகுப்ப ஒரு தடவை தள்ளி வச்சோம். தள்ளி வச்சது நான். யாரும் என்னயத் தள்ளி வைக்கச் சொல்லல. எத நகத்தலாம்னு கேட்டாக, நான் இத நகத்துனேன். அந்த வகுப்புக்கு வர இருந்த ஒரு பொண்ணு, வள்ளின்னு பேரு, அடுத்த வாரம் விரியன் கடிச்சுச் செத்துப்போச்சு. கயித்தக் கட்டி, வேரு குடுத்து, மதியம் வரைக்கும் வச்சிருந்தாக. வந்திருந்தா பொழைச்சிருக்குமான்னு தெரியாது. ஆனா வர விடாம வச்சது நான். இங்க வகுப்பெடுத்த சிஸ்டர் அந்தத் தப்பத் தன்மேல போட்டுக்கிட்டாக. அவுக இப்ப இல்ல.”

செவிலியப் பெண் என்னைத் திகைத்துப்போய்ப் பார்த்தாள். முன்வரிசையில் இருந்த ஓர் அம்மாள் கேட்டார், “அந்தப் புள்ளைக்குப் புள்ளைக இருக்கா?”

“ரெண்டு.”

அவர் நெஞ்சில் கைவைத்துக்கொண்டார். அவ்வளவுதான். யாரும் என்னைத் தேற்றவில்லை, ஏசவுமில்லை. பின்னால் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்த ஒருவர்தான் எழுந்து கேட்டார்.

“சரித்தா. இப்பச் சொல்லு. கடிச்ச ஒடனே மொதல்ல என்ன செய்யணும்?”

அவரையே மேசைமேல் வந்து படுக்கச் சொன்னேன். குடையை வைத்து அவர் காலைத் துண்டால் கட்டினேன். முடிச்சு இரண்டு தடவை நழுவியது. மூன்றாவது தடவை செவிலியப் பெண் வந்து மறுமுனையைப் பிடித்துக்கொண்டாள். பிறகு அவளே பேச ஆரம்பித்துவிட்டாள். நன்றாகவே பேசினாள்.

எல்லாரும் போன பிறகு ஒரு பெண் மட்டும் வாசலில் நின்றாள். இடுப்பில் சாப்பாட்டுத் தூக்கு. தன் ஊரில் இன்னும் ஆறேழு பேரைக் கூட்டி வருவதாகச் சொல்லி, அடுத்த வகுப்பு என்றைக்கு என்று கேட்டாள். தேதியைச் சொன்னேன். விரல்விட்டு எண்ணிப் பார்த்துக்கொண்டாள். இரண்டடி நடந்தவள் திரும்பி வந்து கேட்டாள்.

“தேதி மாறாதுல்லக்கா?”

“மாறாதுத்தா” என்றேன்.

அப்படிச் சொல்ல எனக்கு எந்த அதிகாரமும் இல்லை. நாளைக்கே யாராவது வருவார்கள், அரங்கம் கேட்பார்கள். ஆனாலும் சொல்லிவிட்டேன். அவள் ஊர்ப் பெயரையும் எண்ணையும் எழுதி வாங்கிக்கொண்டேன். அரங்கம் இல்லையென்றால் நான் அவள் ஊருக்குப் போகவேண்டும்.

முப்பது பேருக்கு முன்னால் சொன்னதை உங்கள் ஒருவரிடம் சொல்ல முடியாமல் போனது சிஸ்டர். சொன்ன பிறகு மனசுப் பாரம் இறங்கிவிடும் என்று நினைத்தேன். இறங்கவில்லை. மன்னிப்பைக் கேட்டிருந்தால் நீங்கள் கொடுத்திருப்பீர்களா, இல்லை அன்றைக்குப் போலவே தெரியாததைச் சொல்லமாட்டேன் என்றிருப்பீர்களா, எனக்குத் தெரியாது. கேட்காத மன்னிப்பு என்னிடமே தங்கிவிட்டது. இனி அதை வாங்கிக்கொள்ள ஆள் இல்லை. அடுத்த வகுப்புக்கும் அதோடுதான் போவேன்.